ஜிஐஎஸ் டெக்னீஷியன் படிப்பில் என்ன இருக்க வேண்டும், அதை யாரிடம் கேட்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கித் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் இரண்டு வருட ஜிஐஎஸ் (புவித் தகவல் முறைமை, அதாவது வரைபடங்களையும் அவற்றின் தரவையும் கணினியில் கையாளுவது) டெக்னீஷியன் படிப்பு ஒன்றைத் தொடங்கப் போகிறீர்கள். மென்பொருளில் கட்டண ஆர்க்ஜிஐஎஸ் நடத்துவதா இலவச க்யூஜிஐஎஸ் நடத்துவதா, பைத்தான் நிரல்மொழி சேர்க்க வேண்டுமா, தொலையுணர்வுக்கு (செயற்கைக்கோள் படங்களைக் கையாளுவதற்கு) எவ்வளவு நேரம் ஒதுக்குவது, சான்றிதழ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கும் தனித்தனிக் கேள்விகள் மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்த வேலைக்கு இன்னின்ன திறன்கள் தேவை என்று யார் சொன்னால் நம்பலாம், அப்படிக் கிடைத்த பட்டியலைப் பாடத்திட்டமாக எப்படி மாற்றுவது. அதற்கு ஒரு வழி தெரிந்துவிட்டால் மென்பொருள் சண்டை பாதி தானாகவே அடங்கிவிடும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நில உடைமை, குடிநீர்க் குழாய், மின்கம்பம் மாதிரியான தரவுகளைத் தயாரித்துப் பராமரிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். அப்புறம் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். பாடத்திட்டக் குழுக்களில் வேலை கொடுக்கும் தரப்பின் ஆளாக உட்கார்ந்திருக்கிறேன். கடல் வரைபடம், ராணுவ வரைபடம், கனிமத் தேடல் ஆகிய பக்கங்களுக்கு நான் போனதில்லை. உங்கள் மாணவர்கள் அந்தத் துறைகளுக்குத்தான் அதிகம் போகப் போகிறார்கள் என்றால், கீழே சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எந்த வேலை என்று தீர்மானியுங்கள். வரைபடத் தொழில்நுட்பர் என்ற பெயருக்குள் குறைந்தது மூன்று வேலைகள் இருக்கின்றன. களத்துக்குப் போய் ஜிபிஎஸ், டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி, ட்ரோன் வைத்து அளந்து வருவது ஒன்று. வந்த அளவுகளையும் செயற்கைக்கோள் படங்களையும் பழைய காகித வரைபடங்களையும் கணினியில் ஏற்றி, திருத்தி, தரவுத்தளமாக்கி, கேட்டவருக்கு வேண்டிய வடிவத்தில் கொடுப்பது இரண்டாவது. இதற்கெல்லாம் நிரல் எழுதுவது, இணைய வரைபடம் கட்டுவது மூன்றாவது. அமெரிக்கத் தொழிலாளர் துறை 2010-இல் வெளியிட்ட புவியிடத் தொழில்நுட்பத் திறன் மாதிரி (சுருக்கமாக ஜிடிசிஎம் என்பார்கள்) துறையை மூன்றாகப் பிரிக்கிறது: இடமறிதலும் தரவு சேகரிப்பும், பகுப்பாய்வும் மாதிரியாக்கமும், மென்பொருளும் செயலி உருவாக்கமும். கவனித்தால் தெரியும், நான் இரண்டாவதாகச் சொன்ன வேலைக்கு அந்தப் பிரிவினையில் தனிப் பெட்டி இல்லை. டெக்னீஷியன்களில் பெரும்பாலோர் காலை முதல் மாலை வரை செய்வது அதைத்தான். அதே நாட்டின் தொழில் வகைப்பாட்டில் நில அளவை, வரைபட டெக்னீஷியன்கள் பொறியியல் தொகுதியிலும், ஜிஐஎஸ் டெக்னீஷியன்கள் கணினித் தொகுதியிலும் வருகிறார்கள். பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஒரே தரவைத் திருத்தும் இரண்டு பேர் புள்ளிவிவரத்தில் வேறு வேறு தொழிலாளர்கள்! அதனால் வேலைவாய்ப்பு எண்ணிக்கைகளை மட்டும் வைத்துக்கொண்டு படிப்பை நியாயப்படுத்தப் போகாதீர்கள். இங்கே நான் பேசப்போவது அந்த இரண்டாவது வேலையைப் பற்றி.

சரி, அந்த வேலைக்கு என்ன வேண்டும் என்று யாரைக் கேட்பது? பெரும்பாலான கல்லூரிகள் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கின்றன. மூன்றுமே அரைகுறை. ஒன்று, வேலை விளம்பரங்களைத் திரட்டி அதில் வரும் சொற்களை எண்ணுவது. விளம்பரத்தை எழுதுகிறவர் பெரும்பாலும் பணியாளர் பிரிவில் இருப்பவர். பழைய விளம்பரத்தை எடுத்து, கூடவே நாலு புதுச் சொல்லைச் சேர்த்துவிடுவார். குழாய்க் கோடுகளைத் திருத்தும் வேலைக்கு பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், இயந்திரக் கற்றல் எல்லாம் கேட்கும் விளம்பரங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சேர்ந்தவர் அதில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. இரண்டாவது வழி, மென்பொருள் நிறுவனத்தின் பயிற்சிப் புத்தகத்தையே பாடத்திட்டமாக வைப்பது. அது அந்தப் பதிப்பின் பொத்தான்களைச் சொல்லிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது வழி, பேராசிரியர்கள் தங்களுக்குத் தெரிந்ததிலிருந்து எழுதுவது. இதன் உச்சம் 2006-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு ஒன்றின் முயற்சியில் வந்த ஜிஐஎஸ் அறிவுத் தொகுப்பு: 10 அறிவுப் பகுதிகள், 73 அலகுகள், 329 தலைப்புகள். நல்ல வேலைதான், நானே அடிக்கடி புரட்டுவேன். ஆனால் அது பட்டப்படிப்பையும் ஆராய்ச்சியையும் மனதில் வைத்து, துறையின் முழு நிலப்பரப்பையும் அளந்தது. அதிலிருந்து இரண்டு வருடத்துக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்பதை அது சொல்லாது. கேட்டால் 329-உம் முக்கியம் என்றுதான் ஆகும்.

எனக்கு நம்பிக்கை உள்ள வழி, அந்த வேலையை இன்றைக்குச் செய்துகொண்டிருப்பவர்களையே கூட்டி உட்காரவைத்துக் கேட்பது. இதற்கு டேக்கம் என்று ஒரு முறை இருக்கிறது. 1960-களின் கடைசியில் கனடாவில் உருவானது. பிறகு அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் அதைச் செம்மைப்படுத்திப் பரப்பியது. வரைபடத் துறைக்கு மட்டும் உரியதில்லை, வெல்டருக்கும் செவிலியருக்கும் இதே முறைதான். அதன் அடிப்படை எண்ணம் எளிது. ஒரு வேலையை நன்றாகச் செய்கிறவரே அந்த வேலையை மற்ற எவரையும்விடச் சரியாக விவரிப்பார். அவர் செய்யும் பணிகளைத் துல்லியமாக எழுதி வைத்தால் தொழிலின் வரையறை கிடைத்துவிடும். ஒவ்வொரு பணிக்கும் பின்னால் அதற்குத் தேவையான அறிவும் கருவியும் மனப்பாங்கும் இருக்கின்றன, அவற்றைப் பிறகு தோண்டி எடுக்கலாம். ஐந்து முதல் பன்னிரண்டு பேர் வரை ஓர் அறையில் வழக்கமாக இரண்டு நாள் உட்காருவார்கள். நடத்துகிறவர் ஒருவர் இருப்பார். அவருக்கு ஜிஐஎஸ் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் சொந்தக் கருத்தை நுழைக்க மாட்டார். அவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பணியையும் ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவார். கடைசியில் சுமார் பத்துப் பொறுப்புகளின் கீழே நூற்றுக்கு முன்பின்னாகப் பணிகள் அடுக்கப்பட்டிருக்கும்.

எழுதும் விதத்தில் ஒரு கண்டிப்பு உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பணியும் கண்ணால் பார்க்கக்கூடிய வினையோடு இருக்க வேண்டும். 'புரொஜெக்‌ஷன் பற்றிய அறிவு' (உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடத்தில் விரிக்கும் கணித முறை அது) என்பதைப் பணியாக ஏற்க மாட்டார்கள். 'வேறு வேறு ஆயத்தொலை முறைகளில் வந்த லேயர்களை ஒரே முறைக்கு மாற்றுதல்' (ஆயத்தொலை முறை என்பது இடத்தை எண்களால் குறிக்கும் ஏற்பாடு, லேயர் என்பது ஒரே வகைத் தரவின் அடுக்கு) என்றால் ஏற்பார்கள், ஏனென்றால் செய்து முடித்தாயா இல்லையா என்று கேட்கலாம், சரியாகச் செய்தாயா என்று சோதிக்கலாம். பேராசிரியர்களுக்கு இந்த இடத்தில்தான் எரிச்சல் வரும். அவர்கள் அறையில் பார்வையாளராக உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

அமெரிக்காவில் 2008-இல் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியில் டெக்சாஸ் மாநிலத்தின் டெல் மார் கல்லூரியில் ஜியோடெக் மையம் என்று ஒன்று தொடங்கினார்கள். இரண்டு வருடக் கல்லூரிகளில் நடக்கும் ஜிஐஎஸ் படிப்புகளை ஒழுங்குபடுத்துவதே அதன் வேலை. வெவ்வேறு கல்லூரிகள் தனித்தனியாக நடத்திய டேக்கம் அட்டவணைகளைச் சேர்த்து, ஒன்றுபோல் இருந்தவற்றை இணைத்து, ஒரே பெரிய அட்டவணையாக அவர்கள் தொகுத்தார்கள். மெட்டா டேக்கம் என்று அதற்குப் பெயர். நீங்கள் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அதை வரைவாக எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் ஆட்களிடம் எது பொருந்தும், எது பொருந்தாது, என்ன விடுபட்டிருக்கிறது என்று கேட்டால் இரண்டு நாள் வேலை ஒரு நாளில் முடியும்.

குழுவுக்கு யாரை அழைப்பது என்பதில்தான் பாதி வெற்றி. மேலாளர்களை அழைக்காதீர்கள். மேலாளர் பத்து வருடத்துக்கு முன்னால் தான் செய்த வேலையை நினைத்துக்கொண்டு பேசுவார், அவர் முன்னால் அவருடைய ஆட்கள் பேசவே மாட்டார்கள். மூன்று முதல் ஐந்து வருட அனுபவம் உள்ளவர்கள்தான் சரி. வேலை கைவந்திருக்கும், கற்றுக்கொண்ட கஷ்டமும் மறந்திருக்காது. உள்ளாட்சி, மின்சாரம் அல்லது குடிநீர், வனம், தனியார் தரவு நிறுவனம் என்று வேறு வேறு இடத்தவர்களாக இருக்கட்டும். ஒரே நிறுவனத்திலிருந்து நாலு பேர் வந்தால் அந்த நிறுவனத்தின் வேலைமுறைதான் உங்கள் பாடத்திட்டமாகும். 'என்ன திறமை வேண்டும்?' என்று கேட்டால் எல்லாரும் விளம்பர மொழியில் பதில் சொல்வார்கள். 'போன திங்கட்கிழமை காலையில் உட்கார்ந்ததும் என்ன செய்தீர்கள், அடுத்து என்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். அப்போதுதான் நிஜமான பணிகள் வெளியே வரும்: கள அலுவலர் அனுப்பிய எக்செல் கோப்பில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருந்தது, அதைச் சரிசெய்தேன் என்பது மாதிரி.

பட்டியல் வந்ததும் அதை இன்னும் பத்து மடங்கு பேருக்கு அனுப்பி, ஒவ்வொரு பணியும் எவ்வளவு முக்கியம், எவ்வளவு அடிக்கடி வருகிறது, கற்றுக்கொள்ள எவ்வளவு கடினம் என்று மதிப்பெண் போடச் சொல்லுங்கள். முக்கியம், அடிக்கடி வரும், கடினமும் கூட என்றால் வகுப்பறையில் நேரம் செலவழிக்க வேண்டியது அதற்குத்தான். அடிக்கடி வரும் ஆனால் எளிது என்றால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்வார்கள், விட்டுவிடலாம். முக்கியம், கடினம், ஆனால் எப்போதாவதுதான் வரும் என்பவற்றில்தான் வாதம் நடக்கும். டேட்டம் மாற்றம், அதாவது ஆயத்தொலைகளை எதை அடிப்படையாக வைத்து அளப்பது என்பதையே மாற்றுவது, அந்த வகை. வருடத்துக்கு ஒருமுறைதான் வரலாம், அந்த ஒருமுறை தவறினால் மொத்தத் தரவும் நகர்ந்து உட்கார்ந்துவிடும்.

இதுவரை சொன்னது நன்றாகச் சோதிக்கப்பட்ட வழி. அதன் ஓட்டையையும் சொல்ல வேண்டும், இதைத்தான் நிறையக் கல்லூரிகள் கவனிக்காமல் போகின்றன. கைதேர்ந்தவர்கள் தாங்கள் யோசிக்காமல் செய்வதைச் சொல்ல மாட்டார்கள். நன்றாக வண்டி ஓட்டுகிறவரிடம் எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டால் கியர் மாற்றியதைச் சொல்வார், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்ததைச் சொல்ல மாட்டார். டெக்னீஷியனின் கண்ணாடி, சரிபார்ப்பு. இரண்டு அட்டவணைகளை இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிசைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பது, புது லேயர் வந்ததும் அதன் எல்லை எண்கள் நியாயமாக இருக்கின்றனவா என்று ஒரு பார்வை விடுவது, பரப்பளவுப் பத்தியை வரிசைப்படுத்தி மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் கிளிக் செய்து பார்ப்பது. சுவரில் உள்ள நூறு அட்டைகளில் இதெல்லாம் 'தரம் சரிபார்த்தல்' என்ற ஒரே அட்டையாகச் சுருங்கிவிடும். என் கணிப்பில் வேலைக்கு வருகிற புதியவர்களில் நல்லவரையும் சுமாரானவரையும் பிரிப்பது அந்த ஒரு அட்டைதான்.

ஆயத்தொலை முறையும் அப்படியே. அட்டையில் ஒரு வரி, பின்னால் ஒரு முழுப் பருவத்துக்கான பாடம். புதியவர்கள் செய்யும் மிகப் பொதுவான குளறுபடி இது: லேயர் வரைபடத்தில் வேறு எங்கோ போய் விழுகிறது. உடனே அதற்குச் சரியென்று தோன்றும் ஒரு புரொஜெக்‌ஷன் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். பெயர்ப்பலகை மாறியது, எண்கள் மாறவில்லை. எந்த முறையில் எண்கள் எழுதப்பட்டிருக்கின்றன என்று அறிவிப்பது ஒரு செயல், எண்களையே கணக்கிட்டு வேறு முறைக்கு மாற்றுவது வேறு செயல். இரண்டுக்கும் மென்பொருளில் தனித்தனிக் கருவி இருக்கிறது, பெயர்கள் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். அடுத்தது, இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டரில் பரப்பளவு கணக்கிடுவது. நிலநடுக்கோட்டில் பிரச்சினை இல்லை. 60 டிகிரி அட்சத்தில் நீளம் இரண்டு மடங்காகவும் பரப்பு நாலு மடங்காகவும் வரும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் கொடுக்காமல் அந்த எண்ணைத் தசம இலக்கங்களோடு அழகாக எழுதித் தரும். பாகையில் (டிகிரியில்) இருக்கும் லேயருக்கு, மீட்டர் என்று நினைத்து 100 என்று பஃபர் (சுற்றிலும் இவ்வளவு தூரம் என்ற பகுதி) போட்டுவிட்டு, ஏன் திரை முழுக்க ஒரே வண்ணம் என்று கேட்பவர்களும் உண்டு.

உயரம் இன்னொரு பொறி. ஜிபிஎஸ் கருவி அடிப்படையில் அளப்பது பூமிக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும் வழுவழுப்பான கணித நீள்வட்டக் கோளத்திலிருந்து உள்ள உயரம். வரைபடத்தில் நாம் பேசுவது கடல் மட்டத்தை ஒட்டிய ஜியாய்டிலிருந்து உள்ள உயரம். உலகிலேயே ஜியாய்டு அந்தக் கோளத்துக்குக் கீழே மிக அதிகமாக இறங்கியிருப்பது இந்தியப் பெருங்கடலில், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தெற்கே. அங்கே ஜியாய்டு சுமார் 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. இந்தப் பகுதியில் கடற்கரையில் நின்று அளந்த மாணவர், கருவியில் மைனஸ் தொண்ணூறு சொச்சம் மீட்டர் என்று வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று நினைப்பார். கருவி சரியாகத்தான் சொல்கிறது. இதைப் புரிந்துகொள்ள பெரிய கணிதம் வேண்டாம், யாராவது ஒருவர் ஒருமுறை பொறுமையாகப் படம் போட்டு விளக்கியிருக்க வேண்டும். இதனால்தான் டேக்கம் அட்டவணையை அப்படியே பாடத்திட்டமாக்காதீர்கள் என்கிறேன். ஒவ்வொரு முக்கியமான பணியையும் எடுத்து, என்ன படிகள், எந்த இடத்தில் முடிவெடுக்க வேண்டும், எந்தத் தவறு சகஜம், அந்தத் தவறு கண்ணில் படுமா படாதா என்று பிரித்து எழுதுங்கள். கண்ணில் படாத தவறு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கோட்பாடு நடத்த வேண்டும்.

இப்போது எது உறுதி என்று கேட்டால், நான் தயங்காமல் சொல்லக்கூடியவை இவை. தரவைத் திருத்துவது முதலில் வரும்: டிஜிட்டைஸ் செய்வது (காகிதத்திலோ படத்திலோ இருப்பதைக் கணினியில் வரைந்தெடுப்பது), ஒன்றோடொன்று முட்டாத கோடுகள், தாண்டிப்போன கோடுகள், இரண்டு பலகோணங்களுக்கு நடுவில் விழும் ஊசிமுனை இடைவெளிகள் ஆகியவற்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது, காகித வரைபடத்தைப் புவியிணைப்பு செய்து, அதாவது பூமியில் அதற்குரிய இடத்தில் பொருத்தி, மிச்சப் பிழையின் எண்ணைப் படித்துப் பொருள் சொல்வது. அடுத்தது அட்டவணை. பண்புத் தரவுதான் பாதி வேலை. அதற்குத் தரவுத்தள வினவல் மொழியான எஸ்க்யூஎல் தெரிந்தே ஆக வேண்டும், அதிலும் ஜாயின் (அட்டவணைகளை இணைப்பது), குரூப் பை (வகைவாரியாகத் தொகுப்பது), காலி மதிப்பு மூன்றும் கையில் வர வேண்டும். கோப்பு வடிவங்களின் குணங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஷேப்ஃபைல் என்ற வரைபடத் தரவு வடிவம் ஒரே கோப்பு என்று நினைத்து ஒன்றை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது குறைந்தது மூன்று கோப்பு, ஆயத்தொலை விவரத்தோடு நாலு. அதில் பத்தியின் பெயர் பத்து எழுத்தைத் தாண்டக் கூடாது, அளவு 2 ஜிபியைத் தாண்டக் கூடாது, வேறு வடிவத்திலிருந்து மாற்றும்போது காலியாக இருந்த எண் 0 ஆகிவிடலாம், எழுத்துக் குறியீட்டை அறிவிக்காவிட்டால் தமிழில் எழுதிய பெயர்களெல்லாம் கிறுக்கலாக வரும். காலியும் பூஜ்யமும் ஒன்றல்ல என்று புரியாத ஒருவர் கிணற்று நீர்மட்டத் தரவைக் கையாண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மெட்டாடேட்டா, அதாவது தரவைப் பற்றிய விவரக் குறிப்பு, எழுதுவதும் உறுதிப் பட்டியலில்தான், மாணவர்களுக்கு எவ்வளவு அலுப்பாக இருந்தாலும். வரைபட வடிவமைப்பும் வேண்டும். அளவுகோல், வண்ணத் தேர்வு, எழுத்து இடுதல் அளவுக்குப் போதும், ஒரு பாடம் ஒதுக்கினால் போதுமானது. தொலையுணர்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: படத்தைத் தேடி இறக்குவது, வெவ்வேறு ஒளி அலைநீளங்களில் எடுத்த பட்டைகளைச் சேர்ப்பது, படத்தில் இருப்பது என்ன என்று வாசிப்பது, எளிய வகைப்பாடு ஒன்று. ஒரு பாடம். 2008 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இலவசம் என்பதால் பயிற்சிக்குத் தரவுப் பஞ்சம் இல்லை.

ஜிடிசிஎம் ஒன்பது அடுக்குப் பிரமிடாக வரையப்பட்டிருக்கிறது. அதன் அடி மூன்று அடுக்குகளில் வரைபடம் பற்றி எதுவுமே கிடையாது. தனிமனித ஒழுங்கு, அடிப்படைக் கல்வி, பணியிடத் திறன்கள், அவ்வளவுதான். முதலில் படித்தபோது இது சம்பிரதாயம் என்று நினைத்தேன். பயிற்சி கொடுக்க ஆரம்பித்த பிறகு அந்த அடுக்குகள் ஏன் அடியில் இருக்கின்றன என்று புரிந்தது. வேலை கேட்டு வருகிறவர் 'ஒரு வரைபடம் வேண்டும்' என்றுதான் சொல்வார். எதற்காக, யார் பார்க்கப் போகிறார்கள், அச்சிடப் போகிறீர்களா, எந்தத் தேதி நிலவரம் என்று திருப்பிக் கேட்கத் தெரிந்த டெக்னீஷியன் ஒரே தடவையில் முடிப்பார். கேட்கக் கூச்சப்படுகிறவர் மூன்று தடவை செய்வார். இதைத் தனியாக 'மென்திறன்' வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது. பயிற்சிகளையே கொஞ்சம் அரைகுறையாகக் கொடுத்து, கேள்வி கேட்டால்தான் மீதி விவரம் கிடைக்கும் என்று வைத்துவிடுங்கள்.

மென்பொருளுக்கு வருவோம். ஆர்க்ஜிஐஎஸ் குடும்பத்தின் ஆர்க்மேப் என்ற நிரலைச் சுற்றி ஒரு தலைமுறைக் கல்லூரிகள் தங்கள் ஆய்வகத்தையே கட்டின. 2026 மார்ச் 1-உடன் அதற்கான ஆதரவு முடிந்தது, இடத்தை ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ எடுத்துக்கொண்டது. பொத்தான்களை மட்டும் படித்தவர்களுக்கு அது கஷ்டகாலம். வேலையைப் புரிந்துகொண்டவர்கள் சில வாரங்களில் மாறிவிட்டார்கள். அதனால் ஒன்றை ஆழமாகவும் இன்னொன்றை ஒப்பீட்டுக்காகவும் நடத்துங்கள். முதல் வருடம் க்யூஜிஐஎஸ் என்பது என் விருப்பம். உரிமக் கட்டணம் இல்லை, மாணவர் தன் கணினியில் போட்டு வீட்டில் பழகலாம், படிப்பு முடிந்த மறுநாள் உரிமம் காலாவதியாகாது. இரண்டாம் வருடம் அதே பயிற்சிகளில் சிலவற்றை ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவில் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். வேலை கொடுக்கும் இடங்களில் அது பரவலாக இருப்பதால் அதை அடியோடு விடவும் முடியாது. இதற்கு நேர் எதிராகச் செய்யும் கல்லூரிகளும் நல்ல மாணவர்களை அனுப்பியிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி சந்தேகமான பகுதி. பைத்தான் எவ்வளவு வேண்டும் என்பதில் அனுபவஸ்தர்களே ஒத்துப்போவதில்லை. யாரோ எழுதிய ஐம்பது வரி நிரலைப் படித்து, கோப்புப் பாதையையும் பத்திப் பெயரையும் மாற்றி, பிழைச் செய்தியைப் புரிந்துகொண்டு ஓட்டத் தெரிய வேண்டும். இதுவரை எனக்கு ஐயமில்லை. அதற்கு மேல், சொந்தமாகக் கருவி எழுதும் அளவுக்குப் போக வேண்டுமா என்பது அந்த மூன்றாவது வேலையை நோக்கி எத்தனை பேரை அனுப்ப நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எல்லாருக்கும் கட்டாயமாக்கினால் தரவுத் திருத்தத்தில் கெட்டிக்காரராக வரக்கூடிய சிலரை இழப்பீர்கள். விருப்பப் பாடமாக வைப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம், நிரூபிக்கப்பட்ட விஷயமில்லை.

இயந்திரக் கற்றல் டெக்னீஷியன் வேலையைத் தின்றுவிடுமா என்ற கேள்வியும் உங்கள் மாணவர்களின் பெற்றோரிடமிருந்து வரும். 2018-இல் மைக்ரோசாஃப்ட் அமெரிக்கா முழுவதற்குமான கட்டடத் தடங்களை, 12 கோடிக்கும் மேலாக, படங்களிலிருந்து தானாகவே வரைந்து எடுத்து இலவசமாக வெளியிட்டது. கையால் வரைந்தால் எத்தனை பேருக்கு எத்தனை வருடச் சோறு அது! ஆகவே வெறும் டிஜிட்டைஸ் வேலையை மட்டும் நம்பிப் படிப்பைக் கட்டாதீர்கள். இன்னொரு பக்கம், அப்படி வந்த தடங்களில் மரநிழலைக் கட்டடமாக எடுத்தது எது, ஒட்டியிருக்கும் இரண்டு வீடுகளை ஒன்றாக்கியது எது என்று பார்த்துப் பிரிக்கவும், நகராட்சியின் வரிப் பதிவோடு பொருத்தவும் ஆள் வேண்டியிருக்கிறது. வரைகிற வேலை குறைந்து பார்த்துத் தீர்ப்பு சொல்கிற வேலை கூடுகிறது என்பது நான் கண்ணால் பார்ப்பது. எண்ணிக்கையில் அது எங்கே போய் நிற்கும் என்பதை யார் உறுதியாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம். பிழை கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு நேரம் கூட்டுங்கள் என்பதுதான் இரண்டு நிலையிலும் பொருந்தும் முடிவு.

சான்றிதழ் விஷயம் சுலபம். ஜிஐஎஸ் தொழில்முறையாளர்களுக்கான ஜிஐஎஸ்பி என்ற சான்று 2004 முதல் இருக்கிறது, 2015-இலிருந்து அதற்குத் தேர்வும் உண்டு. ஆனால் அதற்கு நாலு வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள். படித்து முடித்தவுடன் வாங்கக்கூடியது கிடையாது. உங்கள் விளம்பரத் தாளில் அதைப் போடாதீர்கள். மென்பொருள் நிறுவனங்கள் தரும் சான்றுகள் கெடுதல் இல்லை, நேர்காணலில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். அதைவிட மாணவர் செய்த நாலு வேலைகளை, எடுத்த தரவு, செய்த திருத்தம், விட்ட குறை ஆகிய விவரங்களோடு ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தால் நான் அதைத்தான் முதலில் திறப்பேன்.

மதிப்பீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். பாடப்புத்தகத்தோடு வரும் பயிற்சித் தரவு கழுவித் துடைத்தது, எதைச் செய்தாலும் சரியாக வரும். தேர்வுக்கு வேண்டுமென்றே அழுக்காக்கிய தரவைக் கொடுங்கள். ஒரு லேயரின் புரொஜெக்‌ஷன் அறிவிப்பை நீக்கிவிடுங்கள், பத்து வரிசையை இரட்டிப்பாக்குங்கள், ஊர்ப் பெயர்களில் எழுத்துப் பிழை நுழையுங்கள், இரண்டு பலகோணத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் படரவிடுங்கள். கடைசி வரைபடத்துக்குப் பாதி மதிப்பெண், என்னென்ன தவறு கண்டுபிடித்தோம், எதை எப்படிச் சரிசெய்தோம், எதைச் சரிசெய்ய முடியவில்லை என்று எழுதும் ஒரு பக்கக் குறிப்புக்குப் பாதி மதிப்பெண். இந்தத் தேர்வில் தேறியவரை எடுத்துக்கொள்ள நான் யோசிக்க மாட்டேன். இரண்டாம் வருடத்தில் நிஜமான வாடிக்கையாளர் ஒருவருக்காக ஒரு திட்டம் கட்டாயம் இருக்கட்டும். கூடவே ஒரு எல்லையையும் சொல்லிக்கொடுங்கள். பல நாடுகளில் சட்டப்படியான நில எல்லையை நிர்ணயிக்கும் அதிகாரம் உரிமம் பெற்ற நில அளவையாளருக்குத்தான் உண்டு. ஜிஐஎஸ் திரையில் தெரியும் கோட்டைக் காட்டி இதுதான் உங்கள் எல்லை என்று டெக்னீஷியன் யாருக்கும் சொல்லக் கூடாது.

பட்டியலை மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதே மாதிரி ஒரு குழுவிடம் காட்டித் திருத்துங்கள். முழு டேக்கம் ஒவ்வொரு தடவையும் தேவையில்லை, அரை நாள் போதும். ஆசிரியர்களைப் பொறுத்தவரை ஒரு யோசனை. புரொஜெக்‌ஷன், டேட்டம், புள்ளியியல் ஆகியவற்றை உங்கள் துறையில் இருக்கும் புவியியல் ஆசிரியர்களே நன்றாக நடத்துவார்கள். தரவுத் திருத்தமும் தரச் சரிபார்ப்பும் நடத்த மட்டும் வேலையில் இருக்கும் ஒருவரைப் பகுதிநேரமாகப் பிடியுங்கள். முடிந்தால் உங்கள் குழுவில் வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவரையே கேளுங்கள்.